கேளுங்கள்: வெப்மெயிலுக்கு முன்னால் ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸி

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருப்பவர்கள் எழுதியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் அமைப்புப் பெயர்களை உச்சரிக்கிறபடி எழுதியிருக்கிறேன், கோப்பில் தட்டும்போது வார்த்தைகளுக்கு நடுவே அடிக்கோடு வரும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 20 பேர் இருக்கிறோம். மெயில் சர்வர் எங்களுடையதே. பிரவுசரிலேயே மெயில் பார்க்க உதவுகிற ரவுண்ட்கியூப் மென்பொருள் உள்ளுக்குள் 8080 போர்ட்டில் ஓடுகிறது. இப்போது வெளியிலிருந்தும் மெயில் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ரவுட்டரில் அந்தப் போர்ட்டைத் திறந்துவிட்டால் போதாதா சார்? ரிவர்ஸ் ப்ராக்ஸி கட்டாயம் வேண்டுமா?

பதில்: தயவுசெய்து திறக்காதீர்கள். 8080-இல் ஓடுவது வெறும் ஹெச்டிடிபி. வெளியிலிருந்து ஒருவர் லாகின் செய்தால், அவருடைய பாஸ்வேர்டு அப்படியே எழுத்து எழுத்தாக வழி நெடுகப் போகும், நடுவில் உட்கார்ந்து கேட்கிற எவனும் எடுத்துக்கொள்ளலாம். அது மெயில் பாஸ்வேர்டு என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. மெயில் ஒருவன் கைக்குப் போனால் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்ற பொத்தானை வைத்தே அந்த ஆளின் மற்ற கணக்குகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவான்.

ரிவர்ஸ் ப்ராக்ஸி என்பது பெரிய விஷயம் இல்லை. சாதாரண ப்ராக்ஸி, இணையத்துக்குப் போகிறவர் பக்கம் நின்று அவருக்காகப் போய்க் கேட்டு வாங்கி வரும். இது சர்வர் பக்கம் நிற்கிறது. வெளியிலிருந்து வருகிற பிரவுசர் இதனிடம்தான் பேசும், அதற்குப் பின்னால் ரவுண்ட்கியூப் இருப்பதோ எந்தப் போர்ட்டில் இருப்பதோ அதற்குத் தெரியாது. பூட்டு போட்ட, அதாவது குறியாக்கம் செய்த, 443 போர்ட்டில் கோரிக்கையை வாங்கி, பூட்டைத் திறந்து, உள்ளே கொடுத்து, பதிலை மறுபடி பூட்டி அனுப்புகிறது. என்ஜின்எக்ஸ், அப்பாச்சி, ஹெச்ஏப்ராக்ஸி மூன்றுமே இந்த வேலையைச் செய்யும். நான் என்ஜின்எக்ஸை வைத்தே சொல்கிறேன், எனக்குக் கை பழகியது அது.

வெப்மெயிலுக்கென்று ஒரு துணைப் பெயர் எடுத்து, அதன் டிஎன்எஸ் பதிவை ப்ராக்ஸியின் முகவரிக்குக் காட்டுங்கள். அந்தப் பெயர் உங்களுடையதுதான் என்று பிரவுசருக்குக் காட்டுகிற சான்றிதழ் வாங்குங்கள் (அதைப் பற்றி அடுத்த கேள்வியில்). என்ஜின்எக்ஸில் அந்தப் பெயருக்கு 443-இல் ஒரு சர்வர் பகுதி எழுதி, பூட்டுகிற முறையான டிஎல்எஸ்-இல் 1.2, 1.3 பதிப்புகள் இரண்டை மட்டும் அனுமதியுங்கள். 1.0-வையும் 1.1-யையும் 2021-லேயே அதிகாரபூர்வமாகக் கைவிட்டாயிற்று. 80-இல் வருபவர்களை 443-க்குத் திருப்புங்கள். பிறகு 'ப்ராக்ஸி பாஸ்' வரியில் 127.0.0.1:8080 என்று (127.0.0.1 என்றால் அதே எந்திரம்) கொடுத்தால் பக்கம் வந்துவிடும்.

பக்கம் வந்துவிட்டதே என்று பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் உள்ளே இருக்கிற ரவுண்ட்கியூபுக்கு இப்போது மூன்று விஷயங்கள் தெரியாது. எந்தப் பெயரைக் கேட்டு வந்தார்கள், யார் வந்தார்கள், பூட்டிய வழியில் வந்தார்களா என்பவை. ப்ராக்ஸிதான் அதைச் சொல்ல வேண்டும். 'ஹோஸ்ட்', 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்', 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ' ஆகிய மூன்று தலைப்புகளையும் 'ப்ராக்ஸி செட் ஹெடர்' மூலம் கொடுங்கள். ஹோஸ்டை நீங்கள் சொல்லாவிட்டால், ப்ராக்ஸி பாஸ் வரியில் இருக்கிற பெயரையே என்ஜின்எக்ஸ் அனுப்பிவிடும், அப்புறம் சில இணைப்புகள் 127.0.0.1 என்று தொடங்கி யாருக்கும் திறக்காது. இன்னொன்று, இந்த வரிகளை மேலே பொதுவாக எழுதிவிட்டு, கீழே ஒரு லொகேஷனுக்குள் வேறொரு தலைப்பை ஒன்றே ஒன்று சேர்த்தால்கூட மேலே எழுதிய எல்லாமே அந்த இடத்தில் செல்லாமல் போய்விடும். இது தெரியாமல் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. வாசலில் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவைத்தால் என்ன பயன்? 8080 இனிமேல் ப்ராக்ஸியைத் தவிர யாருக்கும் பதில் சொல்லக் கூடாது. இரண்டும் ஒரே எந்திரத்தில் இருந்தால் ரவுண்ட்கியூப் ஓடுகிற வெப் சர்வரை 127.0.0.1-இல் மட்டும் கேட்கச் சொல்லுங்கள். டாக்கரில் ஓட்டுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். '8080:80' என்று போர்ட்டை வெளியிட்டால், நீங்கள் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 8080-ஐ மூடியிருந்தாலும் அது திறந்தேதான் இருக்கும், ஏனென்றால் டாக்கர் தன் விதிகளை அதைத் தாண்டி எழுதிக்கொள்கிறது. '127.0.0.1:8080:80' என்று முன்னால் முகவரியைச் சேர்த்து எழுதினால் பிரச்சினை இல்லை. முடித்ததும் உங்கள் மொபைலில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் சர்வரின் பொது முகவரியையும் 8080-ஐயும் போட்டுப் பாருங்கள். ரவுண்ட்கியூப் பக்கம் தெரிந்தால் இன்னும் வேலை முடியவில்லை என்று அர்த்தம். அலுவலக வைஃபையிலிருந்தே சோதித்துவிட்டு மூடியிருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள், உள்ளிருந்து பார்த்தால் வெளியே திறந்திருப்பது தெரியாது.

ப்ராக்ஸியும் ரவுண்ட்கியூபும் தனித்தனி எந்திரங்கள் என்றால், நடுவில் போகிற வழியையும் டிஎல்எஸ்-ஆல் பூட்டுங்கள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளே ஹெச்டிடிபிஎஸ் என்று எழுதினாலும், எதிரே இருக்கிற சர்வரின் சான்றிதழ் சரியானதா என்று என்ஜின்எக்ஸ் தானாகச் சரிபார்க்காது. 'ப்ராக்ஸி எஸ்எஸ்எல் வெரிஃபை' என்பதை நீங்கள்தான் ஆன் செய்து, எந்தச் சான்றிதழை நம்பலாம் என்பதையும் காட்ட வேண்டும்.

கேள்வி: சான்றிதழைக் காசு கொடுத்து வாங்குவதா, இலவசமாக எடுப்பதா?

பதில்: இலவசமாகத் தருகிற லெட்ஸ் என்கிரிப்ட் போதும். பூட்டின் பலத்தில் வித்தியாசம் இல்லை. அது 90 நாள் செல்லும், செர்ட்பாட் போன்ற ஒரு நிரல் தானாகப் புதுப்பிக்கும். காலாவதி ஆகப்போகிறது என்று முன்பெல்லாம் மெயில் அனுப்புவார்கள், 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள், அதனால் தேதியைக் கண்காணிக்க நீங்களே ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். புதுச் சான்றிதழ் டிஸ்கில் வந்து உட்கார்ந்த பிறகும், ரீலோட் செய்கிற வரை என்ஜின்எக்ஸ் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். புதுப்பித்ததும் செர்ட்பாட் ஓட்டுகிற 'டிப்ளாய் ஹுக்'கில் அந்த ரீலோடை எழுதிவிட்டால் கவலை இல்லை. காசு கொடுத்து வாங்கினாலும் வருடக்கணக்கில் நிம்மதியாக இருக்கலாம் என்ற காலம் போய்க்கொண்டிருக்கிறது. 2029 மார்ச்சிலிருந்து பிரவுசர்கள் நம்புகிற எந்தச் சான்றிதழும் 47 நாளுக்கு மேல் செல்லாது என்று முடிவாகியிருக்கிறது. இப்போதே தானியங்கிக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: ப்ராக்ஸி போட்டதிலிருந்து ஒரு விசித்திரமான தொல்லை. நாளுக்கு ஒன்றிரண்டு தடவை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் '502 பேட் கேட்வே' வருகிறது. நான் உள்ளே போய்ப் பார்த்தால் ரவுண்ட்கியூப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. எதுவும் செய்யாமலேயே கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. ப்ராக்ஸி தனி எந்திரம், ரவுண்ட்கியூப் தனி எந்திரம். இரண்டிலும் ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டேன்.

பதில்: உங்கள் கடிதத்தில் 'கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது' என்ற வரியைப் படித்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். சரியாக 10 நிமிடம் என்றால் அது ஃபெயில்டுபேன், தவறான லாகின்களைப் பதிவில் பார்த்து அந்த முகவரியைத் தடை செய்கிற நிரல். மாற்றாமல் விட்டால் அதன் தடைக் காலம் 10 நிமிடம், 10 நிமிடத்துக்குள் 5 தவறு நடந்தால் தடை.

இதே தொல்லையை ஓர் அலுவலகத்தில் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ரவுண்ட்கியூபின் லாகின் பதிவைத் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் ஒரே முகவரி, 10.0.0.5. காலை 9:04-க்கு ஒருவர் பாஸ்வேர்டைத் தவறாக அடிக்கிறார், 10.0.0.5. 9:06-க்கு வேறொருவர், அவரும் 10.0.0.5. விடுமுறை முடிந்து எல்லோரும் வந்த நாள், முந்தைய வாரம்தான் பாஸ்வேர்டு மாற்றியிருந்தார்கள், அதனால் பழையதை அடித்துவிட்டுப் புதியதை ஞாபகப்படுத்திக்கொள்கிறவர்கள் நிறைய. ஐந்தாவது தவறு 9:09-க்கு. அடுத்த வரி ஃபெயில்டுபேனுடையது, 10.0.0.5-ஐத் தடை செய்துவிட்டேன் என்கிறது. 10.0.0.5 யார்? ப்ராக்ஸி. உள்ளே வருகிற ஒரே வழியையே அது அடைத்துவிட்டது. ஐந்து பேர் ஆளுக்கு ஒரு தடவை செய்த தவறு, ஒரே ஆள் ஐந்து தடவை செய்ததாகக் கணக்கில் ஏறியிருந்தது.

முதலில் யார் வந்தது என்ற விவரத்தை உள்ளே சேர்க்க வேண்டும். ப்ராக்ஸி எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் அனுப்பினால் மட்டும் போதாது, அதை நம்பலாம் என்று ரவுண்ட்கியூபுக்கும் சொல்ல வேண்டும். அதன் அமைப்புக் கோப்பில் 'ப்ராக்ஸி ஒயிட்லிஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது, அதில் ப்ராக்ஸியின் முகவரியை மட்டும் எழுதுங்கள். உள்ளே இருப்பது அப்பாச்சி என்றால் அதன் பதிவுகளுக்காக 'ரிமோட்ஐபி' மாட்யூலையும் இதேபோல அமைக்க வேண்டும். சோம்பலில் எல்லா முகவரியையும் நம்பு என்று எழுதிவிடாதீர்கள். அந்தத் தலைப்பை யார் வேண்டுமானாலும் தன் பிரவுசரிலிருந்தே எழுதி அனுப்பலாம், தாக்குகிறவன் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு பொய் முகவரியைப் போட்டுக்கொண்டே இருப்பான், நீங்களும் இல்லாத ஆட்களைத் தடை செய்துகொண்டே இருப்பீர்கள். உங்கள் ப்ராக்ஸிக்கு முன்னால் வேறு ப்ராக்ஸி எதுவும் இல்லை என்றால், வந்த தலைப்போடு சேர்த்து எழுதுவதைவிட, 'ரிமோட் ஆடர்' ($remote_addr) மதிப்பை வைத்துப் பழையதை அழித்து எழுதிவிடுவது நல்லது.

அடுத்ததைப் பலரும் யோசிப்பதே இல்லை. விவரம் சரியாக வந்து, ஃபெயில்டுபேனும் உண்மையான ஆளின் முகவரியைப் பிடித்துத் தடை செய்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரவுண்ட்கியூப் எந்திரத்தின் ஃபயர்வாலில் அந்தத் தடை எதையுமே தடுக்காது! ஏனென்றால் அந்த எந்திரத்துக்கு வருகிற பாக்கெட் ஒவ்வொன்றும் ப்ராக்ஸியிடமிருந்துதான் வருகிறது, தாக்குகிறவனின் முகவரி ஃபயர்வாலின் கண்ணில் படுவதே இல்லை. பதிவில் 'தடை செய்யப்பட்டார்' என்று எழுதியிருக்கும், அவன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருப்பான். தடை, அவன் நேராக வந்து முட்டுகிற எந்திரத்தில்தான் விழ வேண்டும். அதனால் ரவுண்ட்கியூபின் லாகின் பதிவை ஆர்சிஸ்லாக் என்ற பதிவு அனுப்பும் நிரல் வழியாக ப்ராக்ஸிக்கு அனுப்பி, ஃபெயில்டுபேனை அங்கே ஓட்டுங்கள். இரண்டும் ஒரே எந்திரத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

ரவுண்ட்கியூபுக்குப் பெட்டியிலிருந்து மெயிலை எடுத்துக் கொடுக்கிற சர்வர் டவ்காட் என்றால், அதன் பதிவையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வெப்மெயில் வழியாக வருகிறவர்கள் எல்லோரும் அதற்கு ரவுண்ட்கியூப் எந்திரத்தின் முகவரியாகத்தான் தெரிவார்கள். அங்கேயும் ஃபெயில்டுபேன் கண் வைத்திருந்தால் அந்த முகவரியை 'இக்னோர் ஐபி' பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: சின்ன இணைப்புகள் போகின்றன, 3 மெகாபைட் பிடிஎஃப் போக மாட்டேன் என்கிறது. முன்பு போய்க்கொண்டிருந்தது.

பதில்: முன்பு போனது, இப்போது போகவில்லை என்றால் குற்றவாளி ப்ராக்ஸிதான். என்ஜின்எக்ஸின் 'க்ளையண்ட் மேக்ஸ் பாடி சைஸ்' நீங்கள் தொடாவிட்டால் 1 மெகாபைட். அதைத் தாண்டினால் 413 என்று திருப்பி அனுப்பிவிடும், ரவுண்ட்கியூபுக்கு அந்தக் கோப்பு வந்ததே தெரியாது. அதை 30 மெகாபைட்டாக ஏற்றுங்கள். ஏற்றிய பிறகும் பெரிய கோப்புகள் நின்றால் ரவுண்ட்கியூபை ஓட்டுகிற பிஹெச்பியைப் பாருங்கள், அதன் இயல்பான அளவு ஒரு கோப்புக்கு 2 மெகாபைட், மொத்தக் கோரிக்கைக்கு 8. அதற்கும் அப்பால் மெயிலை வாங்கி அனுப்புகிற போஸ்ட்ஃபிக்ஸ் இருக்கிறது, ஒரு மெயில் 1,02,40,000 பைட்டுக்கு மேல் இருந்தால் வாங்காது. இணைப்பு மெயிலுக்குள் போகும்போது மூன்று பைட் நான்காக ஊதிவிடும், அதனால் 10 மெகாபைட் அனுமதி என்று போட்டிருந்தால் நிஜத்தில் 7 சொச்சம்தான் போகும். உங்கள் ஆட்களிடம் ஓர் அளவைச் சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: பக்கம் திறக்கவே இல்லை, 'திரும்பத் திரும்பத் திருப்பிவிடப்படுகிறது' என்று பிரவுசர் சொல்கிறது.

பதில்: உள்ளே இருக்கிற வெப் சர்வரிலும் 'ஹெச்டிடிபி-யில் வந்தால் ஹெச்டிடிபிஎஸ்-க்குப் போ' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். ப்ராக்ஸி உள்ளே வருவது ஹெச்டிடிபி-யில்தானே, உடனே 'போய் ஹெச்டிடிபிஎஸ்-இல் வா' என்கிறது. பிரவுசர் ஏற்கனவே அதில்தான் இருக்கிறது, மறுபடி வருகிறது, மறுபடி துரத்துகிறது. உள்ளே இருக்கிற அந்த வரியை எடுத்துவிடுங்கள், திருப்புகிற வேலை ப்ராக்ஸிக்கு மட்டும் இருக்கட்டும். எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோவும் போகிறதா என்று பாருங்கள். அது போகாவிட்டால், பக்கம் திறந்தாலும், நாம் பூட்டிய வழியில் இருக்கிறோம் என்று ரவுண்ட்கியூபுக்குத் தெரியாது, லாகின் குக்கியில் 'செக்யூர்' அடையாளத்தைப் போடாமல் விட்டுவிடும்.

கேள்வி: மொபைலில் இருக்கிற மெயில் ஆப்பையும் இதே ப்ராக்ஸி வழியாகவே விடலாமா?

பதில்: முடியாது. ஆப் பேசுவது ஹெச்டிடிபி அல்ல, மெயிலை எடுக்க ஐமேப், அனுப்ப எஸ்எம்டிபி. அதற்கு 993-உம், அனுப்ப 465 அல்லது 587-உம் தனியாகத் திறந்து, அவற்றுக்கும் சரியான சான்றிதழ் வைக்க வேண்டும். என்ஜின்எக்ஸின் ஸ்ட்ரீம் மாட்யூல் வழியாகவும் அனுப்பலாம், ஆனால் அங்கேயும் 'யார் வந்தது' என்ற அதே கேள்வி எழும். 20 பேருக்கு அந்தச் சுற்று வேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: வெப்மெயிலுக்கு யாரும் ஊகிக்க முடியாத ஒரு பெயர் வைத்துவிட்டோம். யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் ப்ராக்ஸி போட்ட அன்றே லாகின் முயற்சிகள் வர ஆரம்பித்துவிட்டன. உள்ளே இருப்பவர்கள் யாராவது சொல்லியிருப்பார்களா?

பதில்: அவர்கள் யாரையும் சந்தேகப்படாதீர்கள். பிரவுசர்கள் நம்புகிற சான்றிதழ் ஒன்று வழங்கப்பட்டால் அது சான்றிதழ் வெளிப்படைப் பதிவேடுகளில் ஏறிவிடும், அவை எல்லோரும் படிக்கலாம் என்று வைத்திருக்கிற பதிவேடுகள். உங்கள் பெயர் அதில் ஏறிய சிறிது நேரத்தில், அவற்றையே மேய்ந்துகொண்டிருக்கிற ரோபோக்கள் வந்து கதவைத் தட்டும். டிஎன்எஸ் வழியாகச் சரிபார்த்து எல்லாத் துணைப் பெயர்களுக்கும் பொதுவான நட்சத்திரச் சான்றிதழ் எடுத்தால் துணைப் பெயர் பதிவேட்டில் வராது, அது ஒரு சின்ன வசதி. ஆனால் பெயரை மறைத்துப் பாதுகாப்பது என்பதை விட்டுவிட்டு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கொண்டுவாருங்கள், அதற்கு ரவுண்ட்கியூபில் ப்ளக்இன்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நான்கைந்து பேர்தான் என்றால், நான் வயர்கார்டு விபிஎன் போட்டு அதற்குள் மட்டும் வெப்மெயிலைத் திறப்பேன்.

கேள்வி: ப்ராக்ஸி நடுவில் நிற்கிறது, தாக்குகிறவர்கள் ரவுண்ட்கியூபை நேரடியாகத் தொடவே முடியாது. அப்படியானால் அதை அடிக்கடி அப்டேட் செய்யத் தேவையில்லைதானே? ஒவ்வொரு முறையும் ப்ளக்இன் ஏதாவது ஒன்று உடைந்துபோகிறது.

பதில்: இந்த நம்பிக்கை எனக்கு உண்மையிலேயே பயத்தைத் தருகிறது, அதனால்தான் கடைசியாக வைத்தேன். ப்ராக்ஸி கடிதத்தைப் பிரித்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்வதில்லை. ஒழுங்கான கோரிக்கையாக வந்தால் அப்படியே உள்ளே கொடுத்துவிடும்.

2023 அக்டோபரில் ரவுண்ட்கியூபில் ஓர் ஓட்டை பயன்படுத்தப்பட்டது. தாக்குகிறவன் செய்ய வேண்டியதெல்லாம் விசேஷமாகத் தயாரித்த ஒரு மெயிலை அனுப்புவது, அவ்வளவுதான். பெறுகிறவர் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டாம், எதையும் இறக்க வேண்டாம், பிரவுசரில் அந்த மெயிலைத் திறந்து பார்த்தாலே போதும், அதற்குள் இருந்த ஸ்கிரிப்ட் ஓடி அவருடைய மெயில்களை எடுத்து வெளியே அனுப்பியது. ஐரோப்பாவில் அரசு அலுவலகங்கள் இதற்கு இலக்காயின. இப்போது உங்கள் ப்ராக்ஸியை இந்தக் காட்சியில் எங்கே நிறுத்துவீர்கள்? அந்த மெயில் 25-ஆம் போர்ட் வழியாக வந்து பெட்டியில் விழுந்தது, ப்ராக்ஸி இருக்கிற பக்கமே வரவில்லை. திறந்து பார்த்தவர் முறையாக லாகின் செய்த உங்கள் ஆள்.

2025 ஜூனில் இன்னொன்று, லாகின் செய்த ஒருவர் சர்வரிலேயே நிரல் ஓட்டிவிடக்கூடிய ஓட்டை. பத்து வருடத்துக்கும் மேலாக நிரலுக்குள் கிடந்திருக்கிறது, 1.6.11-லும் 1.5.10-லும் சரிசெய்தார்கள். லாகின் செய்தவர்தானே என்று விட்டுவிட முடியாது, 20 பேரில் ஒருவருடைய பாஸ்வேர்டு எங்கோ கசிந்திருந்தால் தாக்குகிறவனும் 'லாகின் செய்தவர்' ஆகிவிடுகிறான். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். 2021 மார்ச்சில் வெளியான ப்ராக்ஸிலாகன் ஓட்டைக்கு லாகின்கூடத் தேவைப்படவில்லை, 443 வழியாக வந்த கோரிக்கையே போதுமானதாக இருந்தது, எல்லாவற்றையும் அப்படியே உள்ளே கடத்துகிற ப்ராக்ஸி அதையும் கடத்தியிருக்கும்.

ப்ளக்இன் உடைவது தொல்லைதான், மறுக்கவில்லை. அப்டேட்டுக்கு முன் ரவுண்ட்கியூபின் கோப்புறையையும் தரவுத்தளத்தையும் நகலெடுத்துக்கொள்ளுங்கள், வேறொரு போர்ட்டில், 127.0.0.1-இல் மட்டும், புதுப் பதிப்பை நகல் தரவுத்தளத்தோடு ஓட்டிப் பாருங்கள், ப்ளக்இன்கள் வேலை செய்தால் அதே படிகளை நிஜத் தரவுத்தளத்திலும் செய்துவிட்டு, ப்ராக்ஸி பாஸ் வரியில் போர்ட் எண்ணை மட்டும் மாற்றி, 'என்ஜின்எக்ஸ் -டி' போட்டுக் கோப்பில் பிழை இல்லை என்று பார்த்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். ஏதாவது கோளாறு என்றால் நகலைத் திரும்ப ஏற்றிப் பழைய எண்ணையே போட்டுவிடலாம். ப்ராக்ஸி இருப்பதால் அப்டேட் சுலபமாகிறது, அதை அதற்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இன்ஸ்டாலர் கோப்புறையை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தால் அதை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.